மூடியில் விழுந்த வெள்ளைத் திட்டு

காசிமேட்டில் மாமாவின் பைபர் போட்டுக்கு ஐஸ் பெட்டி மூடி செய்கிறேன். நீளம் 90 செ.மீ., அகலம் 60. கண்ணாடி இழைத் துணி மேல் பிரஷ்ஷால் ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) பூசியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். உலர்ந்த துணியைப் பிளாஸ்டிக் பையால் மூடி, ஒரு பக்கம் பம்ப்பால் காற்றை உறிஞ்சி, மறுபக்கத்திலிருந்து ரெசினைத் துணிக்குள் வேக்குவம் போட்டு இழுத்துப் பார்க்கும் ஆசை இரண்டு மூடிகளைக் காவு வாங்கிவிட்டது.

முதலாவது கதை சின்னது. மே மாத மதியத்தில் மொத்த ரெசினையும் ஹார்டனரோடு (அதை இறுக வைப்பது) ஒரே பக்கெட்டில் கலந்தேன். பாதி ஏறுவதற்குள் பக்கெட் கொதித்துக் கெட்டியானது.

இரண்டாவதுதான் மண்டையைக் குடைந்தது. பையைப் பிரித்தால், பம்ப் பக்கத்து ஓரத்துக்குச் சற்று முன்னால், நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் திட்டு. காசால் தட்டினால் அங்கே மட்டும் சத்தம் மொத்தையாக வந்தது. "பெயின்ட் அடிச்சா தெரியாது மாப்ள" என்றார் மாமா. தெரியாதுதான், ஆனால் ஆள் ஏறி நின்றால் அந்த இடம்தான் முதலில் விடும்.

பை கசிகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ரெசின் விடுமுன் குழாய்களைக் கிளாம்ப் போட்டுப் பத்து நிமிடம் பார்த்தபோது கேஜ் முள் அசையவே இல்லையே? போனில் எடுத்த வீடியோவை ஓட்டினேன். கண்ணாடி இழைத் துணியை இரண்டு நீளப் பக்கத்திலும் விரல் அகலம் குறைத்து வெட்டியிருக்கிறேன். அந்தச் சந்தில் ரெசின் வாய்க்கால் தண்ணீர் போல ஓடி, முன்னதாகவே பம்ப் பக்கம் சேர்ந்து குறுக்கே மூடிவிட்டது. நடுவில் மாட்டிய காற்றுக்குப் போக வழியில்லை. அப்புறம் எவ்வளவு நேரம் பம்ப் ஓடி என்ன?

மூன்றாவதற்குத் துணியை ஓரம் வரை இறுக்கமாக வெட்டினேன். ரெசின் வரும் ஸ்பைரல் குழாயை நீளப் பக்கத்துக்கு மாற்றினேன். இப்போது ரெசின் 90 அல்ல, 60 செ.மீ. போனால் போதும். தூரம் இரட்டித்தால் நேரம் நாலு மடங்காகும் கணக்கு இது. அதனால் நேரம் பாதிக்கும் கீழே. ரெசின் வேகமாகப் பரவத் துணி மேல் விரிக்கும் வலையான மெஷ்ஷைப் பம்ப் பக்கத்து ஓரத்துக்கு 5 செ.மீ. முன்னாலேயே நிறுத்தினேன், அங்கே வேகம் குறைந்தால் பின்தங்கிய ரெசினும் வந்து சேரும். காலை ஐந்து மணிக்கு, ஸ்லோ ஹார்டனர், சின்னச் சின்னக் கப்பாகக் கலந்தது.

13 நிமிடத்தில் ஈரக்கோடு கிட்டத்தட்ட நேராக எதிர் ஓரத்தைத் தொட்டது. திட்டு இல்லை. ஒரு மூலையில் மட்டும் குண்டூசி முனை அளவில் ஏழெட்டு ஓட்டை. அடுத்ததில் மெஷ்ஷை 7 செ.மீ. முன்னால் நிறுத்திப் பார்க்கணும்.