தமிழ்99இல் தட்டச்சு செய்பவருக்கு எந்த சுவிட்ச்?

மொரீஷியஸில் தமிழ் கற்பிக்கும் நண்பர்கள் சிலர் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனி சுவிட்ச் கொண்ட மெக்கானிக்கல் விசைப்பலகை வாங்க விரும்பி, எந்த சுவிட்சைத் தேர்ந்தெடுப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் கணினி விளையாட்டையோ ஆங்கிலத் தட்டச்சையோ மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் எழுதுபவர், ஒரே விசையை அடுத்தடுத்து இருமுறை தட்டும்போது சுவிட்ச் எப்படி இயங்குகிறது என்பதையே முதலில் கவனிக்க வேண்டும்.

தமிழ்99இல் ஒரே மெய்க்குரிய விசையை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே விழும். ‘அப்பம்மா’ என்று எழுத அ, ப, ப, ம, ம, ஆ ஆகிய ஆறு தட்டல்கள் போதும். புள்ளி விசையைத் தொடவே வேண்டியதில்லை. ஆனால் இரண்டாவது தட்டல் பதிவாகாமல் போனால் ‘பாட்டு’ என்பது ‘பாடு’ ஆகிவிடும், ‘எட்டு’ என்பது ‘எடு’ ஆகிவிடும். அவையும் சரியான சொற்களே என்பதால் பிழைதிருத்தி அவற்றைச் சுட்டிக்காட்டாது. காவடி அழைப்பிதழ் அச்சாகி வந்த பிறகுதான் யாராவது கண்டுபிடிப்பார்கள்.

செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் புளூ சுவிட்சில் இந்தச் சிக்கல் உண்டு. அதில் விசை ஏறத்தாழ 2.2 மி.மீ. இறங்கியதும் ‘டிக்’கென்ற ஒலியுடன் எழுத்து பதிவாகிறது. அந்த ஒலிக்காக, விசையோடு சேர்ந்து இறங்கும் தண்டு இரு பகுதிகளாக அமைக்கப்பட்டிருப்பதால், விசை அடுத்த தட்டலுக்குத் தயாராகும் இடம், எழுத்து பதிவாகும் இடத்தைவிடச் சற்று மேலே அமைந்துவிடுகிறது; விரலை நன்றாக உயர்த்தினால்தான் அடுத்த தட்டல் பதிவாகும். எம்எக்ஸ் ரெட்டிலோ 2 மி.மீ. ஆழத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிகழ்வதால், விரலைச் சிறிதளவு தளர்த்தி மீண்டும் அழுத்தினாலே போதும். ஒலி வேண்டியவர்கள் கைல் நிறுவனத்தின் பாக்ஸ் ஒயிட்டைப் பார்க்கலாம். அதில் மெல்லிய கம்பி ஒன்று ஒலியை எழுப்புவதால் இந்த இடைவெளி குறைவு. மின்தொடுமுனைகள் சிறு பெட்டிக்குள் அடைபட்டிருப்பதால் ஈரமும் தூசியும் எளிதில் உட்புகுவதில்லை என்பது, கடலோரத்தில் இருப்பவர்களுக்கும் மழை ஓயாத கியூர்பிப் நகரத்துக்காரர்களுக்கும் கூடுதல் நன்மை.

விசையை அழுத்தத் தேவைப்படும் பலத்தையும் கருத வேண்டும். அகரமும் ஆகாரமும் இடக்கைச் சுண்டுவிரலுக்கு, ந, ய, ச மூன்றும் வலக்கைச் சுண்டுவிரலுக்கு என்று தமிழ்99 வகுத்திருப்பதால், வலுக்குறைந்த அந்த விரல்களின் உழைப்பு அதிகம். 60 சென்டிநியூட்டன் பலம் கேட்கும் எம்எக்ஸ் பிளாக்கைவிட 45 கேட்கும் ரெட் அவற்றுக்கு இதமானது. மேடுபோன்ற ஒரு சிறு தடை விரலுக்குத் தெரிய வேண்டும் என்பவர்கள் 55இல் உள்ள பிரவுனை எடுக்கலாம், ஆனால் அந்த மேடு மிக மென்மையானது.

சுவிட்சைப் பற்றவைக்காமல் கழற்றி மாட்டக்கூடிய ஹாட்ஸ்வாப் பலகையை வாங்குங்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்வது. சுண்டுவிரல் விசைகளில் ரெட்டையும் மற்றவற்றில் பிரவுனையும் பொருத்திக்கொள்ள அது இடமளிக்கிறது. வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் முழுத் தொகுதிக்குப் பணம் கட்டுவதற்குமுன் வகைக்குச் சில சுவிட்சுகளை மட்டும் வாங்கி, க, ப, ட, த விசைகளில் மாட்டி, வழக்கமாக எழுதும் பாடக்குறிப்பு ஒன்றை வழக்கமான வேகத்திலேயே தட்டிப் பாருங்கள்.