ஆறாத காதும் ஈரச் சுவரும்

ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன் என்றால் கேட்பவர்கள் மனதில் உடனே செம்மண் பாலைவனம்தான் வருகிறது. நான் வேலை பார்ப்பதோ மேற்கு சிட்னியில், ரயிலும் பெரிய ஆஸ்பத்திரியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற இடத்தில். 2021 கணக்கெடுப்பில் தங்களைப் பூர்வகுடியினர் அல்லது டோரஸ் நீரிணைத் தீவினர் என்று பதிந்தவர்கள் 8,12,728 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நகரங்களிலும் சிறு நகரங்களிலும்தான் இருக்கிறார்கள். அங்கேதான் எல்லாம் இருக்கிறதே, நகரத்துப் பிள்ளைக்கு என்ன குறை என்று பலரும் நினைக்கிறார்கள்.

என் வேலை காது பார்ப்பது. இந்தப் பிள்ளைகள் பலருக்கு நடுக்காது அழற்சி கைக்குழந்தையிலேயே தொடங்கி, திரும்பத் திரும்ப வரும். வலித்தால்கூடத் தேவலை, அழுதாவது காட்டிக்கொடுக்கும். வலியே இல்லாமல் செவிப்பறைக்குப் பின்னால் பசை மாதிரி நீர் கோத்து நிற்பதுதான் கொடுமை. டீச்சர் சொல்வதில் பாதி காதில் விழாது, பேச்சு வரத் தாமதமாகும், அப்புறம் 'சொன்ன பேச்சு கேட்க மாட்டான்' என்ற பெயரும் பள்ளியில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு பாட்டி தன் நாலு வயதுப் பேரனைக் கூட்டிவந்தார். கருவியின் ரப்பர் நுனியைக் காதில் வைத்தால் திரையில் கோடு குன்று மாதிரி எழும்ப வேண்டும், அவனுக்கு இரண்டு காதிலும் தட்டையாகவே ஓடியது, செவிப்பறை சரியாக அசையவில்லை என்று அர்த்தம். அறுவை சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியலில் ஏற்கெனவே இருந்தவன்தான். ஆஸ்பத்திரிக் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய், இவர்கள் வராததால் பெயரை நீக்கிவிட்டார்கள். வீட்டைப் பற்றிக் கேட்டேன். பாட்டி பேச்சை மாற்றினார். எங்களோடு வேலை செய்யும் பூர்வகுடி சுகாதாரப் பணியாளர் அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து, உங்கள் ஆட்கள் யார், எந்தப் பக்கம் என்று விசாரித்து, விராட்ஜுரி என்ற அவர்கள் பூர்வகுடி இனத்து உறவுகளையெல்லாம் பேசி முடித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டு அறை அரசு வீட்டில் மூன்று குடும்பங்கள் இருக்கிறார்கள், உடைந்த குழாயால் சுவர் முழுக்கப் பூசணம், பிள்ளைகளின் மெத்தை அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. பழுது பார்க்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனபோது யாரோ வந்து மேலே பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்களாம்.

"இதை ஃபைலில் எழுதிவிடாதே மகளே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்" என்றார்.

இந்தப் பயத்தை மிகை என்று சொல்ல எனக்கு வாய் வராது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1915-ல் செய்த சட்டத் திருத்தம், நீதிமன்றத்துக்கே போகாமல் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க, பூர்வகுடியினர் பாதுகாப்பு வாரியம் என்ற அரசு அமைப்புக்கு அதிகாரம் தந்தது. அதற்குப் பின் அதன் இடத்தில் வந்த வாரியத்தை மூடியதே 1969-ல்தான். பாட்டி பிறந்து வளர்ந்த காலம் அது. இன்றும் நாடு முழுக்க அரசுப் பராமரிப்பில் பெற்றோரைப் பிரிந்து வாழும் பிள்ளைகளில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் பூர்வகுடியினர், மொத்தப் பிள்ளைகளில் அவர்கள் ஆறு சதவீதம் அளவுக்குத்தான் என்றாலும். பிறகு எப்படி ஒரு பாட்டி வீட்டு நிலவரத்தை முதல் சந்திப்பிலேயே கொட்டிவிடுவார்?

ஒரே அறையில் நெருக்கிப் படுத்தால் சளியும் கிருமியும் ஒருவர் மாற்றி ஒருவருக்குத் தொற்றும். ஆன்டிபயாடிக் கொடுத்து அதே மெத்தைக்கு அனுப்பினால் இன்னொரு தடவை வருவான், அவ்வளவுதான். அதே வீட்டில்தான் அவனைத் தூக்கி வளர்க்க அத்தைகளும் கூட விளையாட மாமன் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எங்களிடம் வந்தாலே அந்தக் கூட்டத்தோடுதான் வருவான், அவர்கள் மத்தியில் அவ்வளவு உற்சாகமாக இருப்பான். கூட்டுக் குடும்பத்தைக் குறை சொல்லும் அறிக்கைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பெரிய வீடு கொடுங்கள், குழாயைச் சரிசெய்யுங்கள்.

1971-ல் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் பூர்வகுடி மக்கள் தாங்களே நடத்தும் மருத்துவ மையத்தைத் தொடங்கினார்கள், நாட்டில் அதுதான் முதலாவது. அந்த வழியில் நடக்கும் இடங்களில் வீட்டுக்குக் கார் அனுப்புவார்கள், வராத பிள்ளையைத் தேடிப் போவார்கள், வாடகைப் பிரச்சினைக்கும் உடன் நிற்பார்கள். அந்தப் பையனை மறுபடி பட்டியலில் சேர்த்தோம். பாட்டியின் சம்மதத்தோடு, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே, வீட்டுப் பழுதுக்கு மருத்துவரின் கடிதமும் போனது. சிகிச்சை நாளன்று காரில் கூட்டிப்போனதும் தேநீர் போட்டுக் கொடுத்த அதே பணியாளர்தான். அவருடைய வேலை ஒப்பந்தத்தை மட்டும் இன்னும் வருடா வருடம் புதுப்பிக்கிறார்கள்.