பிரேக் மிதித்தால் மஞ்சள் எரிந்த 407

குன்றக்குடி தாண்டி வந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த பைக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே பக்கத்தில் வந்து, "அண்ணே, பிரேக் அடிச்சா சிவப்புல எரியணும். உங்களுக்கு மஞ்சள்ல எரியுது!" என்று கத்திவிட்டுப் போனார். மத்தியானம் மூன்று மணி வெயில். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வண்டியை ஓரம் கட்டி, டீக்கடைப் பையனை உட்கார வைத்து மிதிக்கச் சொல்லிப் பின்னால் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். வலது பிரேக் லைட் செத்துக் கிடந்தது. இடது பக்கம் சிவப்பு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம். அதை ஒட்டி இண்டிகேட்டர் மட்டும் அழுக்கு மஞ்சளில் லேசாக எரிந்தது. முன்னால் வந்து பார்த்தால் இடது முன் இண்டிகேட்டரும் அதே மாதிரி.

வண்டி 1999 மாடல் டாடா 407. ஆத்தங்குடியிலிருந்து பூக்கல், அதாவது பூப்போட்ட சிமெண்டுத் தரைக்கல் ஏற்றுவதுதான் வேலை. காரைக்குடி, தேவகோட்டை, சில நாள் மதுரை வரைக்கும் போகும். எட்டு வருஷம் தாண்டிய லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுக்குக் காட்ட வேண்டும். அதற்குப் பதினொரு நாள்தான் பாக்கி. லைட் எரியாத வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த முடியாது.

முதல் தப்பை அன்றைக்கே செய்தேன். வழியில் ஒரு கடையில் நிறுத்தி, "12 வோல்ட், 21 வாட், பின்பக்க பல்ப்" என்று கேட்டு வாங்கி, வலது ஹோல்டரில் மாட்டினேன். உள்ளே போக அடம்பிடித்தது. பழைய ஹோல்டர், துருவாக இருக்கும் என்று அழுத்தித் திருப்பிவிட்டேன். வலது பக்கம் பளிச்சென்று எரிந்தது. சந்தோஷமாகக் கிளம்பினால், பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் மீட்டர் போர்டு விளக்கு எரிகிறது! நம்பர் பிளேட் விளக்கும் சேர்ந்து எரிந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

மறுநாள் ஒரு எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். யார், எங்கே என்பதெல்லாம் வேண்டாம். இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கும் ஃபிளாஷர் போய்விட்டது என்றார், மாற்றினார். முன் இண்டிகேட்டர் இரண்டுக்கும் எல்இடி பல்ப் போட்டால் பேட்டரிக்கு நல்லது என்றார், போட்டார். 1,800 ரூபாய். வண்டியை எடுத்தால் இண்டிகேட்டர் இரண்டு பக்கமும் படபடவென்று துடிக்கிறது. பிரேக் மிதித்தால் மஞ்சள் எரிவது அப்படியே இருக்கிறது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "பழைய வண்டிண்ணே, ஒயரிங் பூராவும் மாத்தணும், பன்னெண்டாயிரம் ஆகும்" என்றார்.

பெரியப்பாவுக்குப் போன் அடித்தேன். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். இப்போது கண் சரியில்லை, ஆனால் காது நன்றாகக் கேட்கும். முழுக்கக் கேட்டுவிட்டு, "எர்த்தைப் பார்த்தியாப்பு?" என்றார். பல்புக்கு வந்த கரண்டு வண்டிச் சட்டம் வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்புதான் எர்த். பார்க்கவில்லை என்றேன். "பல்புக்குக் கரண்டு வர்ற வழியை மட்டும் பார்க்குறீங்க. போற வழிய யாரு பார்ப்பா? போ, ஒண்ணு ஒண்ணா பாரு. ரெண்டை ஒரேநேரத்துல மாத்தாதே."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்தேன். மிதித்துக் காட்ட ஆள் இல்லை. எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டுக் கொல்லைச் சுவர் இருக்கிறது. முட்டை வெள்ளை போட்டுத் தேய்த்த பழைய சுண்ணாம்புப் பூச்சு. எத்தனை மழை கண்டதோ, இன்னும் கண்ணாடி மாதிரி வழவழப்பு. வண்டியின் பின்பக்கம் அதற்கு நாலடி தள்ளி இருக்கும்படி ரிவர்ஸில் நிறுத்தினேன். இருட்டியதும் டிரைவர் சீட்டில் இருந்தே இரண்டு கண்ணாடியிலும் எது எரிகிறது, எது எரியவில்லை என்று சுவரில் தெரிந்தது. அந்த வீட்டுக்காரர்கள் மலேயாவிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். எனக்கு இலவச கிளீனர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முதலில் நான் மாட்டிய வலது பல்பைக் கழற்றினேன். கையில் எடுத்ததுமே வெட்கமாகிவிட்டது. டேஞ்சர் லைட்டும் (ராத்திரியில் பின்னால் எரியும் சிவப்பு விளக்கு) பிரேக் லைட்டும் ஒரே பல்ப்புக்குள் இருப்பதால் ஹோல்டருக்குள் இரண்டு பித்தளைப் புள்ளிகள். ஒன்று 5 வாட் இழைக்கு, இன்னொன்று 21 வாட் இழைக்கு. நான் வாங்கியதோ சிங்கிள் பாயிண்ட் பல்ப், அடியில் நடுவில் ஒரே ஒரு ஈயப் பொட்டு. அந்தப் பொட்டு இரண்டு பித்தளை மேலும் உட்கார்ந்து, பிரேக் கரண்டை டேஞ்சர் லைட் ஒயருக்குள் அனுப்பிக்கொண்டிருந்தது. மீட்டர் போர்டு எரியாமல் என்ன செய்யும்? டபுள் பாயிண்ட் பல்பில் பக்கத்து ஆணி இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒன்று ஏறி ஒன்று இறங்கி இருக்கும். தப்பான பல்ப் உள்ளே போகக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. என் தேய்ந்துபோன ஹோல்டரும் என் முரட்டுக் கையும் சேர்ந்து அதைத் தோற்கடித்துவிட்டன. சரியான பல்ப் போட்டேன். மீட்டர் போர்டு அடங்கியது.

அடுத்து எல்இடி இரண்டையும் கழற்றிப் பழைய 21 வாட் பல்ப்பையே மாட்டினேன். ஃபிளாஷர் எவ்வளவு கரண்டு போகிறது என்று பார்த்துத்தான் துடிக்கிறது. குறைவாகப் போனால் ஏதோ பல்ப் போய்விட்டது என்று நினைத்து வேகமாக அடிக்கும். எல்இடி தின்பது கொஞ்சம்தான் என்பதால் அதற்கு அப்படித்தான் படும். நிமிஷத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் துடிக்க வேண்டும். மாற்றியதும் வலது பக்கம் 84 வந்தது. இடது பக்கம் இன்னும் படபடப்பு. ஆக, வியாதி இடது பின்பக்கம்தான் என்று ஆனது.

பெரியப்பா சொன்னபடி, பேட்டரியின் மைனஸில் இருந்து ஒரு நீள ஒயரை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தேன். பிரேக் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து அழுத்தி வைத்திருந்தேன். இடது விளக்கின் தகரத்தில் அந்த ஒயர் நுனியை வைத்தேன். ஒரு சின்னப் பொறி. சுவர் அப்படியே சிவந்தது. மஞ்சள் சட்டென்று அணைந்தது. ஒயரை எடுத்தால் மறுபடி மஞ்சள். நாலைந்து தடவை வைத்து வைத்து எடுத்தேன், தேவைக்காக இல்லை, பார்க்க நன்றாக இருந்தது என்பதற்காக.

விஷயம் இவ்வளவுதான். அந்த டப்பாவில் பிரேக், டேஞ்சர், இண்டிகேட்டர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே எர்த். நம் வீடுகளில் வளவுத் தூம்பு, அதாவது நடு முற்றத்துத் தண்ணீர் வெளியே போகும் வழி, அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் என்ன செய்யும்? ஏறி, பத்தியைத் தாண்டி, எந்த அறைக்குள் வழி கிடைக்கிறதோ அங்கே போகும். பிரேக் இழையில் வந்த கரண்டுக்கு எர்த் கிடைக்காததால், இண்டிகேட்டர் இழைக்குள் பின்பக்கமாக நுழைந்து, அந்த ஒயர் வழியே முன் இண்டிகேட்டர் வரை போய், அங்கே எர்த்தைப் பிடித்துக்கொண்டது. பாதி வழியில் எல்லாம் பங்கு போனதால் எதுவும் முழுசாக எரியவில்லை. மல்டிமீட்டரை விளக்கின் தகரத்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் வைத்துப் பார்த்தேன், பிரேக் மிதித்த நிலையில் 4.6 வோல்ட். அங்கே ஒன்றுமே இருக்கக் கூடாது.

எர்த் ஒயரைத் தொட்டுக்கொண்டே போனால், பின் குறுக்குச் சட்டத்தில் ஒரு போல்ட்டில் முடிந்தது. போல்ட் என்று சொல்வது மரியாதைக்கு. செம்மண்ணும் சிமெண்டும் சேர்ந்து இறுகிய ஒரு கட்டி. உளி வைத்துத் தட்டினால் உள்ளே பச்சைக் களிம்பு, அதற்குள் ஒயரின் இரண்டு மூன்று இழைகள். காரணம் தலைக்கு மேலேயே இருந்தது. பூக்கல்லை அச்சில் இருந்து எடுத்தபிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். அவசர ஆர்டர் என்றால் ஈரம் காயும் முன்பே வைக்கோல் வைத்து அடுக்கி ஏற்றிவிடுவோம். சொட்டுகிற சிமெண்டுத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக நேரே அந்த போல்ட்டின் மேல்தான் விழுகிறது. எத்தனை வருஷமாகவோ!

ஒயர் நுனியைப் பளபளப்பு வரும் வரை வெட்டி, போல்ட்டில் மாட்டும் புது லக்கு (ஒயர் நுனி வளையம்) வைத்து அழுத்தி, சட்டத்தை உப்புத்தாளால் வெள்ளித் தகடு தெரியும்வரை தேய்த்து, புது போல்ட் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் அப்பினேன். 4.6 இருந்த இடத்தில் 0.08. நம்பிக்கை இல்லாமல் வலது பக்கத்துக்கும் அதையே செய்தேன். பலகைக்கு அடியில், போல்ட்டுக்கு நேராக, பழைய டியூப்பில் ஒரு துண்டு வெட்டிக் கூரை மாதிரி ஆணி அடித்தேன். வேலை முடியும்போது மணி பத்தேகால். சாப்பாடு ஆறிவிட்டது, வீட்டில் யாரும் பேசவில்லை.

எஃப்சிக்கு நாலு இண்டிகேட்டரையும் ஒன்றாக எரிய வைக்கும் ஹசார்டு சுவிட்சையும் போட்டுப் பார்ப்பார்கள் என்று ஞாபகம் வந்து அழுத்தினால், அது எரியவே இல்லை. பயன்படுத்தாமல் உள்ளே பூத்திருந்தது. இருபது தடவை அழுத்தி அழுத்தி எடுத்ததில் உயிர் வந்தது.

எஃப்சி அன்றைக்கு இன்ஸ்பெக்டர் பின்னால் நின்று, "பிரேக்... லெஃப்ட்... ரைட்..." என்று சொல்ல, நான் உள்ளே இருந்து மிதித்தேன், திருப்பினேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வைப்பர் ரப்பரைத்தான் மாற்றச் சொன்னார்.

டாஷ்போர்டில் இடது அம்புக்குறி மட்டும் இன்னும் எரிவதில்லை. அந்த பல்ப்பை எடுக்க மீட்டர் போர்டையே கழற்ற வேண்டுமாம். ஃபிளாஷர் சத்தம் காதில் விழுகிறது, அதை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.