மேலே போட்ட நட்டுகள்

"அப்ப நட்டு லூசாயிடுமே சார்?"

ஃபோர்மேன் அண்ணன் கேட்ட இந்த ஒரு கேள்விதான் இன்னும் என்னை விடமாட்டேன் என்கிறது. ஒரகடம் பக்கம் ஒரு ஷெட். தூண்களை அஸ்திவாரத்தோடு பிடிக்கும், கான்கிரீட்டில் புதைத்த எம்24 (24 மில்லிமீட்டர்) ஆங்கர் போல்ட், 8.8 என்ற உயர்வலிமை கிரேடு, ஹாட் டிப் கால்வனைசிங், அதாவது துருப்பிடிக்காமல் இருக்க உருக்கிய துத்தநாகத்தில் முக்கியது. ஒரு போல்ட்டுக்கு இரண்டு நட்டு வேண்டும். தூணின் அடித்தகடான பேஸ் பிளேட்டுக்குக் கீழே லெவல் பார்க்க ஒன்று, மேலே இறுக்க ஒன்று. வாங்க வேண்டியதற்கு இண்டெண்ட் எழுதியபோது மேல் நட்டை மட்டும் கணக்கில் எடுத்திருந்தேன். வந்த 88 நட்டும் லெவலுக்கே போய்விட்டன. கிரேன் வந்து நின்ற அன்று அவசரமாகப் பாரிமுனைக்கு ஆள் அனுப்பி இன்னொரு 88 வாங்கினோம்.

அவை ஏறவில்லை. மரையில் துத்தநாகம் படிந்திருந்ததால் இரண்டு சுற்றிலேயே கடித்து நின்றன.

"போல்ட்ல டை ஓட்டிரட்டா சார்?"

"போல்ட்டைத் தொடாதீங்கண்ணே. நட்டுக்கு டேப் அடிங்க."

டை போல்ட்டின் மரையைச் சீவும்; டேப் நட்டின் உள்மரையை அகலமாக்கும். டேப் என்றதும்தான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "கொஞ்சம் லூசா இருக்கலாம்ணே, அது சரிதான்" என்று சொல்லிவிட்டு கிரேன் பக்கம் போய்விட்டேன்.

நான் சொன்னது தவறில்லை. போல்ட்டில் டை ஓட்டினால் துத்தநாகம் உரிந்து இரும்பு வெளியே தெரியும். கான்கிரீட்டில் புதைந்த போல்ட்டை மாற்றவும் முடியாது. நட்டை மாற்றலாம். கால்வனைஸ் போல்ட்டுக்கு நட்டின் மரையைத்தான் அகலமாக்க வேண்டும், கம்பெனியிலும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மரை அகலமானால் கவ்வும் பரப்பு குறையும். அதை ஈடுகட்ட நட்டு வலுவானதாக இருக்க வேண்டும். 8.8 போல்ட்டுக்குக் குறைந்தது 8 என்று முத்திரை குத்திய நட்டு. அமெரிக்க முறையில் கால்வனைஸ் செய்த உயர்வலிமை போல்ட்டுக்கு டிஹெச் என்ற கூடுதல் வலிமையுள்ள நட்டு கேட்பதும் இதற்காகத்தான். அளவுக்கு மீறி இழுத்தால் போல்ட் அறுந்துபோகலாம், அது கண்ணுக்குத் தெரியும். நட்டின் மரை உரியக்கூடாது. அது பாதி உரிந்து நின்றாலும் வெளியே தெரியாது.

முத்திரையை நான் பார்க்கவில்லை. ஒரு மாதம் கழித்து ஸ்டோரைக் காலி செய்தபோது மிஞ்சிய நட்டுகள் சாக்கில் கிடந்தன. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எதிலும் எண் இல்லை. நல்ல நட்டுகளெல்லாம் கீழே, பிளேட்டுக்கு அடியில் ஊற்றிய கிரவுட் கலவைக்குள். அங்கே அவற்றுக்கு இனி பெரிய வேலை கிடையாது. காற்று ஷெட்டைத் தூக்கும்போது இழுப்பைத் தாங்குவது மேல் நட்டுதான்.

அதற்குள் தூண்களின் கால்களைத் தரைக் கான்கிரீட் மூடியிருந்தது. மேலதிகாரியிடம் சொன்னேன். மறைக்கவில்லை, அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். பிரேசிங், அதாவது காற்றைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள், வரும் 4 தூண்களில் உடைத்து 16 நட்டுகளை மாற்றினோம். மற்றவற்றில் இழுப்பு குறைவு, கணக்குப்படி போதும் என்று முடிவானது. கணக்குப் போட்டதும் நான்தான். முத்திரை இல்லாத நட்டுக்கு எந்த வலிமையை வைத்துப் போட்டேன்? இருப்பதிலேயே குறைந்ததை. அதற்கும் கீழே இருக்காது என்று நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு எந்தக் காகிதமும் என்னிடம் இல்லை.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். அன்று இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் ஃபோன் செய்தால், கூரையில் சில ஷீட்டுகள் பறந்துவிட்டன, தூண்கள் அப்படியே நிற்கின்றன என்றார்கள். பெரிய நிம்மதி. அப்புறம்தான் உறைத்தது: ஷீட் பறந்த இடத்தில் காற்றுக்குப் பிடிப்பு இல்லை, போல்ட்டுக்கு வரும் இழுப்பும் குறைந்திருக்கும். சென்னைப் பகுதிக்கு டிசைனில் எடுக்கும் வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அன்று ஷெட்டில் காற்று அந்த வேகத்தைத் தொட்டதா என்றும் தெரியாது. அந்த 72 நட்டுகளும் அன்று எவ்வளவு தாங்கின என்பது எனக்குத் தெரியாது.

அண்ணன் கேட்டது சரியான கேள்வி. நின்று ஒரு நட்டைக் கையில் வாங்கிப் பார்த்திருந்தால் அரை நிமிடம்தான் ஆகியிருக்கும்.