பழைய வீல்சேர் பட்டறை: எதைத் தேற்றலாம், எதைக் கழிக்கணும்

நன்கொடையாக வந்த ஒவ்வொரு வீல்சேரையும் எப்படியாவது ஓட வைத்துவிட வேண்டும் என்று புதிதாக வரும் தன்னார்வலர்கள் நினைப்பார்கள். பட்டறையில் முதலில் பழக வேண்டியது கழித்துக்கட்டுவதைத்தான்.

'ஜோனி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பின் 'வீல்ஸ் ஃபார் தி வேர்ல்ட்' திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1967இல் தண்ணீரில் குதித்தபோது கழுத்து முறிந்து கைகால் செயலிழந்த ஜோனி எரிக்சன் டாடா, 1979இல் தொடங்கிய அமைப்பு இது. வீல்சேர் திட்டம் 1994இல் வந்தது. சேரும் பழைய நாற்காலிகளில் பெரும்பகுதி சிறைகளுக்குள் இருக்கும் பட்டறைகளில் கைதிகளின் கையால் சரியாகிறது. பிறகு கப்பலேறி வேறு நாடுகளுக்குப் போகிறது. அங்கே பிசியோதெரபிஸ்டுகள் ஆளைப் பார்த்து, அளவெடுத்துப் பொருத்துகிறார்கள். ஆக, ஸ்பேனர் பிடிப்பவர் அதில் உட்காரப்போகிறவரைப் பார்ப்பதே இல்லை. நாற்காலி போய்ச் சேரும் ஊரில் உதிரிபாகம் கிடைக்குமா என்பதும் தெரியாது. எல்லா முடிவையும் இதை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

முதலில் பிரேம். அடியில் பெருக்கல் குறி போல இருக்கும் இரண்டு குழாய்களின் வெல்டிங்கையும், முன்சக்கர ஃபோர்க் செருகும் இடத்தையும் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் மயிரிழை போலக் கோடு ஓடினால் அது விரிசல். அலுமினிய பிரேம் என்றால் அதோடு சரி. வெல்டிங் வைத்தால் பக்கத்து உலோகம் இளகி, அடுத்த விரிசல் அங்கேயே விழும். சக்கரம், கைப்பிடி, கால்பலகை எல்லாவற்றையும் கழற்றி வைத்துக்கொண்டு பிரேமைப் பழைய இரும்புக்குப் போடுங்கள். ஒரு நல்ல நாற்காலி தேற, இரண்டு மூன்று நாற்காலிகளின் சாமான் தேவைப்படுவது சாதாரணம்.

அதிகம் தகராறு செய்வது முன்சக்கரம். அச்சில் தலைமுடியும் நூலும் இறுகச் சுற்றி, பேரிங்கின் சீலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருக்கும். சக்கரத்தைக் கழற்றாமல் கத்தியால் அறுத்து எடுத்தால் பாதிதான் வரும். கழற்றியதும் பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றுங்கள், கரகரத்தால் மாற்றிவிடுங்கள். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் டபிள்யூடி-40 அடிப்பவர்கள் உண்டு. இரண்டு நாள் வழுக்கிக்கொண்டு ஓடும், அதற்குள் இருந்த கிரீஸும் கரைந்திருக்கும். கழுவும்போது பிரஷர் வாஷர் வேண்டாம் என்பதும் இதற்காகத்தான்.

புது பேரிங் வாங்கும்போது ஒரு கண்ணி உண்டு. எங்கும் கிடைக்கும் 608 பேரிங்கின் உள்விட்டம் 8 மி.மீ., வெளிவிட்டம் 22 மி.மீ. பல அமெரிக்க நாற்காலிகளில் இருப்பதோ அங்குலக் கணக்கு: உள்ளே 5/16, வெளியே 7/8, அதாவது 22.2 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 608ஐ அங்குலக் குழியில் போட்டால் லொடலொடவென்று ஆடும். காலிப்பர் வைத்து அளக்காமல் வாங்காதீர்கள். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு சின்னக் குழாய் இருக்கும், கழற்றும்போது உருண்டு ஓடிவிடும். அது இல்லாமல் போல்ட்டை முறுக்கினால் பேரிங்குகளின் உள்வளையங்கள் ஒன்றை நோக்கி ஒன்று தள்ளப்பட்டு, சக்கரம் இறுகிவிடும்.

ஓட்டும்போது முன்சக்கரம் படபடவென்று அடித்தால் ஃபோர்க்கின் தண்டு நட்டு தளர்ந்திருக்கும், அல்லது தண்டு நேராக நிற்கவில்லை. நைலான் வளையம் வைத்த நட்டைக் கழற்றினால் திரும்பப் போட வேண்டாம், பிடிப்பு குறைந்திருக்கும். பெருக்கல் குறியின் நடு போல்ட்டுக்கும் இதே நட்டுதான். அதை முழுசாக இறுக்கினால் நாற்காலி மடங்காது.

பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் இருந்தால் சைக்கிள் கடை மாதிரியே கோட்டம் எடுக்க வேண்டியதுதான். டயரில் மட்டும் கவனம்: 24 அங்குலம் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. 24×1⅜ வீல்சேர் டயரின் பக்கவாட்டில் 37-540 என்றிருக்கும்; முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம்மின் விட்டம், இரண்டும் மி.மீ.யில். மவுண்டன் பைக்கின் 24 அங்குல டயர் 507. ஒன்று மற்றொன்றின் ரிம்மில் உட்காராது. காற்று டயரா, கெட்டி டயரா என்று கேட்டால், பம்பு கிடைக்காத ஊருக்குக் கெட்டி டயர்தான் என் ஓட்டு, குலுக்கல் கூடினாலும். டயரை மாற்றினால் பிரேக்கையும் நகர்த்தி வைக்க வேண்டும். காற்று இறங்கிய டயரில் பிரேக் போட்டும் நாற்காலி நகரும். ஆளை உட்கார வைத்து, பிரேக் போட்டுத் தள்ளிப் பார்ப்பதுதான் சோதனை.

இருக்கை ரெக்சின் தூளி மாதிரி தொங்கினால் இடுப்பு ஒருபக்கம் சாய்ந்து முழங்கால்கள் உள்ளே சேரும். உணர்ச்சியற்ற தோலில் அது படுக்கைப்புண்ணாக முடியும். மாற்றித் தையுங்கள். குழாயில் மரை போயிருந்தால் பெரிய ஸ்க்ரூவை முறுக்கி ஏற்றாமல், துளைக்குள் இறுகிப் புது மரை தரும் ரிவெட் நட்டு போடுங்கள்.

நன்கொடையில் அதிகம் வருவது 18 அங்குல அகல இருக்கை, ஒல்லியான ஆளுக்கு அது பெரிது. ஆள் ஒருபக்கம் சாய்வார், கை சக்கரத்துக்கு எட்டாது. 14, 16 அங்குலம் வந்தால் பிரேமில் விரிசல் இருந்தாலொழிய வேறெதற்கும் கழிக்காதீர்கள், மெனக்கெட்டுத் தேற்றுங்கள். பேக்கிங்கில் இடது, வலது கால்பலகைகளை அந்தந்தப் பிரேமிலேயே கட்டி, இருக்கையின் அகலமும் ஆழமும் எழுதிய அட்டையைக் கைப்பிடியில் தொங்கவிடுங்கள். கூடவே இரண்டு டியூப், ஒரு ஜோடி முன்சக்கர பேரிங், அதற்கான ஆலன் கீ.