பேஸ்மென்டுக்குப் பதினோரு படி

கனடாவில் எனக்கு அது முதல் ஜனவரி. ஸ்கார்பரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் குடியிருந்தேன். மேலே யாழ்ப்பாணத்துக் குடும்பம். வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள்; பனி விழுந்தால் வாசலைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. திருநெல்வேலிக்காரனுக்குப் பனி என்றால் பஞ்சு என்ற நினைப்புதானே. புதிதாக விழுந்தது பஞ்சுதான். ஆனால் தெருவைத் தள்ளிச் சுத்தம் செய்யும் வண்டி ஓரமாக ஒதுக்கிவிட்டுப் போவது அப்படியல்ல. உப்பும் சேறும் கலந்து இறுகி, வாசலை அடைத்து வயல் வரப்பு மாதிரிக் கிடக்கும்.

அந்த வரப்பில் ஷவலைக் குத்தி, இடது காலைப் பின்னால் ஊன்றித் தள்ளினேன். கெண்டைக்காலில் யாரோ ஓங்கி உதைத்தது போலிருந்தது. திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை.

பேஸ்மென்டுக்குப் பதினோரு படி. உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக இறங்கினேன். வாட்ஸாப்பில் அம்மா, "சுளுக்குதான்யா. நல்லெண்ணெயைச் சூடு பண்ணி அழுத்தி உருவி விடு" என்றார். எங்கள் ஊரில் சுளுக்கு வழிக்கிற பாட்டி ஒருவர் இருந்தார். அவர் வீட்டுக்கு நொண்டிக்கொண்டு போனவன் நடந்து திரும்புவான். அதைப் பார்த்து வளர்ந்த கை, தானாக எண்ணெயை அடுப்பில் வைத்தது. வாசனை மேலே போயிருக்க வேண்டும். மேல்வீட்டு அக்கா இறங்கி வந்தார். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். "தம்பி, உருவிப் போடாதேங்கோ. உள்ளுக்குக் கிழிஞ்சிருந்தால் இன்னும் இரத்தம் கசியும். காலை உயர்த்தி வச்சிட்டு 811க்கு அடியுங்கோ." ஒன்டாரியோவில் அந்த எண்ணை எந்த நேரத்தில் அழைத்தாலும் ஒரு நர்ஸிடம் பேசலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மறுநாள், முன்பதிவு இல்லாமல் போகக்கூடிய வாக்-இன் கிளினிக். லாரன்ஸ் ஈஸ்ட் 54 பேருந்து வந்து நின்றது. நான் ஒன்றும் கேட்கவில்லை. நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு ஓட்டுநரே பேருந்தின் முன்பக்கத்தைத் தாழ்த்தினார். புஸ்ஸென்று காற்று இறங்க, அவ்வளவு பெரிய வண்டி எனக்காக ஒருபக்கம் குனிந்தது.

டாக்டர் குப்புறப் படுக்கச் சொல்லி, கெண்டைச் சதையைப் பிழிந்து பார்த்தார். பாதம் அசைந்தது. குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் தடித்த நாண் அறுபடவில்லை என்று அதற்கு அர்த்தமாம். கால் வீங்கிச் சூடானால், மூச்சு வாங்கினால் உடனே வரவேண்டும். இரத்தக் கட்டியாக இருக்கலாம் என்றார். கெண்டைச் சதை லேசாக இழுபட்டிருந்தால் இரண்டு மூன்று வாரம், முழுசாக அறுந்தால் மாதக்கணக்கு, எனக்குப் பாதிக் கிழிசல், ஆறு முதல் எட்டு வாரம். ஊரில் ஒரே உட்காரலில் தீர்கிற விஷயத்துக்கு எட்டு வாரமா!

டாக்டரைப் பார்க்க ஓஹிப் அட்டை, அதாவது ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை, போதும். பிசியோதெரபிக்கு என் வயதுக்காரர்கள் கைக்காசு கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வேலையிடத்துக் காப்பீடு வேண்டும். எனக்கோ ஏஜென்சி மூலம் கிடைத்த கிடங்கு வேலை, காப்பீடு கிடையாது. வீட்டில் பட்ட காயம் என்பதால் வேலைக்காய இழப்பீடும் வராது. சட்டப்படி வருடத்துக்கு மூன்று நாள் சம்பளமில்லாத நோய் விடுப்பு உண்டு. அதற்கு மேல் மேற்பார்வையாளரின் மனசு.

இரண்டு தடவைதான் பிசியோவுக்குப் போனேன். வெளியே மைனஸ் 15, உள்ளே நான் காலில் ஐஸ் பையோடு கிடப்பதைச் சொன்னதும் பிசியோ பெண் சிரித்துவிட்டார். ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தல் என்ற முறைக்கு 1978ல் பெயர் சூட்டிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014ல் தானே எழுதினாராம். வலிக்கு வேண்டுமானால் கொஞ்ச நேரம் வையுங்கள், ஆறுவதற்கென்று வைக்க வேண்டாம் என்றார்.

மூன்றாவது வாரம் வலி போய்விட்டது. சரி, ஆறிவிட்டது என்று பேருந்தைப் பிடிக்க ஓடினேன். பத்தடி போகவில்லை, மறுபடியும் அதே உதை.

அப்புறம்தான் பிசியோ சொன்னது காதில் ஏறியது. முதல் சில நாள் வீக்கம். பிறகு கிழிசலை அடைக்கப் புதுச் சதை வளரும், ஆனால் தாறுமாறாக, வலுவில்லாமல். கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றினால்தான் அது வரிசைக்கு வரும். வலி முதலில் போய்விடும், பலம் பின்னால்தான் வரும். நான் வலியை மட்டுமே கணக்கில் வைத்திருந்தேன்.

ஷூவுக்குள் குதிகால் மெத்தை. கடைசிப் படியின் விளிம்பில் நின்று இரண்டு குதிகாலையும் தூக்கி இறக்குவது. பிறகு ஒற்றைக் காலில். முதல் நாள் இடது கால் நான்கிலேயே நடுங்கியது. மேலே அக்கா வீட்டு டிவி சத்தம் கேட்க, தினம் இருட்டுப் படியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் முதல் வாரம் இடது கால் இருபத்திரண்டு வரை வந்தது. வலது கால் முப்பது போகும். அன்று ஞாயிறு. அம்மா வழக்கம்போல, "இன்னுமா சரியாகல? பாட்டிகிட்டன்னா ஒரு நாள்ல…" என்றார். ஆமாம்மா என்றேன். வெளியே மறுபடியும் பனி விழத் தொடங்கியிருந்தது.