கடலின் ஆற்றலுக்குத் தேவை பொறுமையான முதலீடு

பிரான்சின் ரான்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் 240 மெகாவாட் ஓத மின்நிலையம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம், 1966 முதல் இயங்கி வருகிறது. அதைச் சற்றே விஞ்சிய, 254 மெகாவாட் திறனுள்ள தென்கொரியாவின் சிஹ்வா நிலையம் 2011-இல்தான் வந்தது. நிலவும் சூரியனும் ஈர்ப்பதால் எழும் ஓதங்களைப் பல ஆண்டுகளுக்கு முன்பே துல்லியமாகக் கணித்துவிட முடியும். காற்றுக்கும் வெயிலுக்கும் இல்லாத இந்தச் சிறப்பை வைத்துக்கொண்டு இவ்வளவு மெதுவாக நடந்திருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

அலை மின்சாரத்தின் நிலை இன்னும் கடினமானது. சாதாரண நாள்களின் சிற்றலையிலிருந்தும் பயன் தர வேண்டிய அதே கருவி, புயல் நாளின் பேரலையையும் உப்பரிப்பையும் தாங்கியாக வேண்டும். காற்றாலைகள் மூன்று இறக்கை வடிவில் நிலைகொண்டதைப் போல அலைக் கருவிகள் இன்னும் ஒரு பொது வடிவத்தை எட்டவில்லை என்பதால், தொடர் உற்பத்தியில் கிடைக்கும் விலைக்குறைவும் கைகூடவில்லை. இத்துறையின் முன்னோடியான ஸ்காட்லாந்தின் பெலாமிஸ் நிறுவனம் 2014-இல் நிதியின்றி முடங்கியது.

ஓத மின்சாரத்துக்காக எழுப்பும் தடுப்பணைகள் முகத்துவாரச் சேற்று நிலங்களையும் அவற்றை நம்பும் பறவைகளையும் பாதிப்பதால், அணையின்றி நீரோட்டத்திலேயே சுழலும் விசையாழிகளையே நான் ஆதரிக்கிறேன். ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் 2003-இல் தொடங்கிய கடல் ஆற்றல் சோதனை மையத்தைப் போன்ற பொதுக் களங்கள் இருந்தால், மின்வடமும் அனுமதியும் தேடி ஒவ்வொரு சிறு நிறுவனமும் தனித்தனியே அலைய வேண்டியதில்லை. ஓத நீரோட்ட மின்சாரத்துக்கென ஆண்டுக்கு 2 கோடி பவுண்டைத் தனியே ஒதுக்குவதாக பிரிட்டன் 2021-இல் அறிவித்தது. அலை மின்சாரத்துக்கும் அத்தகைய உறுதியான ஆதரவு தேவை.